மா மூட்டை நூலில் பின்னிய தொப்பிகள்

இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த மறு வருடம், 1976 தொடக்கத்தில், மடுல்சீமைப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பெரிய பங்களாவை ஒழித்துச் சுத்தம் செய்தார்கள். வெள்ளைக்காரத் துரை முன்பே போய்விட்டிருந்தார். புதிதாக வந்தவருக்குப் பழைய சாமான்கள் தேவைப்படவில்லை. பங்களாச் சமையல்காரர் புத்தகங்களைச் சாக்கில் கட்டி, தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தார். நான் அங்கே உதவி ஆசிரியர். குதிரை வளர்ப்பு, ரோஜாச் செடி, துப்பறியும் கதைகள் என்று பலவும் இருந்தன. துப்பறியும் கதைகளைத் தனியாக எடுத்தேன். அவற்றோடு, பெரிய அட்டை போட்ட கைவேலைப் புத்தகம் ஒன்றும் வந்து சேர்ந்தது. அதில் பாதிக்கு மேல் கொக்கி ஊசியால் ரேந்தை, அதாவது லேஸ், பின்னும் பாடங்கள். முதல் சில பக்கங்களைப் பூச்சி அரித்திருந்தது. படங்கள் மட்டும் தப்பியிருந்தன.

அந்தப் புத்தகத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோனதற்குக் காரணம் அக்கா. அந்த வருடத் தை மாதத்து அடைமழையில் அவள் பன்னிரண்டாம் நம்பர் மலையில் கூடையோடு சறுக்கி விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டாள். தோட்டத்து ஆஸ்பத்திரி ஐயா, மலை ஏறக் கூடாது, லேசான வேலை கொடுக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். பிள்ளை மடுவத்தில், கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். கணக்கப்பிள்ளை அதற்கு ஒரு எல்லை வைத்தார்.

"தீவாளி வரைக்கும் விட்டு வைக்கிறேன். அதுக்குப் பெறகு மலைக்கு ஏறணும். இல்லாட்டிப் பேர வெட்டிருவேன்."

வேலையாட்களின் பேர்ப் பதிவான செக்ரோலில் ஒருமுறை பேர் வெட்டினால் திரும்ப எழுதிக்கொள்வது அவர் மனம் வைத்தால்தான். அப்பா இறந்துவிட்டார். அம்மா மலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவுக்கு, அந்த ஒற்றை அறை வீட்டுக்கு, ஆபத்தில்லை. ஆனால் இருபத்தெட்டு வயதில், கல்யாணமாகாமல், தாய் தம்பி கையை எதிர்பார்த்து உட்கார அக்கா தயாராயில்லை. பேர் வெட்டுப்படுவதற்குள் வேறு ஒரு தொழில் கையில் இருக்க வேண்டும். முழங்காலோ மடக்க முடியாதபடி வீங்கிக் கிடந்தது.

எங்கள் லயத்தில் ரேந்தை பின்னத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆகவே புத்தகம்தான். அக்கா தமிழில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆங்கிலத்தை நான் வாசித்து அவளுக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் எனக்கே புரிய வேண்டும். அந்தப் புத்தகத்தின் வாக்கியங்கள் மருந்துச் சீட்டு போல முழுக்கச் சுருக்கெழுத்து. எந்த எழுத்து எந்தப் பின்னலைக் குறிக்கிறது என்ற அட்டவணை, பூச்சி தின்ற பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் செய்துபார்த்துத்தான் பொருள் கண்டுபிடித்தோம். அதனால் நானும் ஓர் ஊசியைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று.

ஊசி என்றால் குடைக்கம்பி. தேயிலை ஃபெக்டரியில் மெஷின் பார்க்கும் ஃபிட்டர் இரண்டு துண்டுகளை வெட்டி, நுனியில் அரத்தால் கொக்கி ராவிக் கொடுத்தார். நூலுக்குத்தான் கஷ்டம். அந்த வருடங்களில் வெளியிலிருந்து சாமான் வருவது குறைந்துபோய், கடைகளில் நல்ல நூல் கண்ணில் படுவதேயில்லை. தோட்டத்துக்குப் பங்கீட்டுக் கோதுமை மா வந்த மூட்டைகளின் வாய் பருத்தி நூலால் தைக்கப்பட்டிருக்கும். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் ஒரே இழுப்பில் அவிழ்ந்து வரும். தவறான முனையை இழுத்தால் முடிச்சு விழுந்து, பிறகு கத்திதான். எந்த முனை என்பது எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். புத்தகத்தின் முதல் பாடமான சங்கிலிப் பின்னலை அக்கா முடித்ததும், மா மூட்டை வாயில் இருப்பதும் இதுவேதான் என்று கண்டுகொண்டாள்.

"இத்தன வருசமா அவுத்துக்கிட்டே இருந்திருக்கோம். இப்பத்தான் பின்னத் தெரியுது" என்றாள்.

சாயந்தரம் பிள்ளை மடுவம் மூடி, பள்ளிக்கூடமும் விட்ட பிறகு, இஸ்தோப்பில் உட்கார்ந்து பழகினோம். இஸ்தோப்பு என்பது காம்பராவுக்கு முன்னால் உள்ள ஒடுக்கமான தாழ்வாரம். வெளிச்சம் நடுவாசலில் விழும். ஆகவே அவள் ஒரு சுவரிலும் நான் எதிர்ச் சுவரிலும் சாய்ந்துகொள்வோம். நடுவில் புத்தகம். படம் பார்க்க வேண்டியபோது புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிக் கொடுப்பேன்.

லயம் முழுவதும் அந்த வழியாகத்தான் பீலிக்கரைக்குத் தண்ணீருக்குப் போகும்.

"என்னா வாத்தியாரே, பரீச்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று கேட்பாள் அடுத்த காம்பரா அத்தை.

"ஆமாங்க அத்தை."

"நல்லாப் படிங்க. வரப்போறவ குடுத்துவச்சவ. அவ மலைக்குப் போகட்டும், நீங்க ரவிக்கைக்கு ரேந்தை வச்சுக் குடுங்க."

அக்கா தலை நிமிராமல் பதில் சொல்வாள்: "ஒங்களுக்கும் ஒண்ணு வைக்கச் சொல்லவா அத்தை? அளவு எடுக்க ஃபெக்டரித் தராசுதான் வேணும்."

புத்தகத்தில் இருந்த சாமான்களில் பெரும்பாலானவை எங்களுக்கு எதற்கு என்று விளங்கவில்லை. கணப்படுப்புக்கு மேலே விரிக்கும் துணி. நாற்காலி முதுகில் தலை படும் இடத்துக்குத் துணி. தேத்தண்ணி போட்ட கேத்தல், அதாவது தேநீர்ப் பாத்திரம், சூடு ஆறாமல் இருக்க, அதற்கு மாட்டும் சட்டை. இந்தச் சட்டையின் படத்தை அம்மா வெகுநேரம் பார்த்தாள். "நாம நனைஞ்சுகிட்டு எடுக்கிறோம், அவுக அதுக்குச் சட்ட போட்டுக் குடிக்கிறாக" என்று சொல்லிவிட்டு விறகு முறிக்கப் போனாள்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது பூச்சாடிக்கு அடியில் வைக்கும் வட்ட விரிப்பு. அதற்கு நூல் குறைவாகப் பிடிக்கும். வட்டம் தட்டையாக விழ வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் பின்னல் கண்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நான் வாசித்துச் சொன்னதில் ஒரு வரி விட்டுப்போனதோ, அக்கா கேட்டதில் விட்டுப்போனதோ, அவளுடைய இரண்டாவது விரிப்பு ஒரு கட்டத்துக்கு மேல் விரிய மறுத்து, கிண்ணம் போலச் சுருண்டு நின்றது. அவிழ்க்க மனமில்லாமல் அம்மா அதை முட்டைக் கூடைக்கு மூடியாக்கினாள்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை, பசறை வழியாகப் பதுளைக்குப் போகும் பஸ்ஸில் அந்தக் கூடையோடு நான் போனேன். கடைத்தெருவில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் முஸ்லிம் முதலாளியின் கடையில் முட்டையைக் கொடுத்தேன். அவர் முட்டைகளை எண்ணுவதற்கு முன் மூடியைக் கையில் எடுத்து, உள்ளங்கையில் கவிழ்த்து, பிறகு தான் போட்டிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டு அதைத் தலையில் வைத்துப் பார்த்தார். சிறியதாக இருந்தது.

"இது யார்ட வேல வாத்தியார்?"

"என் அக்காங்க."

"இன்னும் கொஞ்சம் பெருசா, ஓரம் நேரா நிக்கிற மாதிரிப் பின்ன ஏலுமா? பெருநாளைக்குத் தொப்பி இல்ல. கொழும்பிலயும் இல்லெண்டு செல்றாங்க."

நூல் இல்லை என்றேன். அவர் கடையின் பின்பக்கம் கூட்டிப்போனார். காலி மா மூட்டைகளிலிருந்து உருவிய வாய் நூல்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஈரம் பட்டும் எலி கடித்தும் போனதைக் கழித்தால் பாதி தேறும்.

"இத அள்ளிட்டுப் போங்க. ஒரு விசயம். ஓதுற பள்ளிப் புள்ளைகளுக்கு எண்டு எடுக்கிறது. பெருநாள் தொழுகைக்கு எல்லாரும் ஒரே வரிசையில நிப்பாங்க. அதால எல்லாம் ஒரு கையால செஞ்ச மாதிரி ஈக்கணும். நல்லா வந்தா ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் வேணும், பொறகும் வேணும்."

நோன்புப் பெருநாள் செப்டெம்பர் கடைசியில். தீபாவளி அதற்கு அடுத்த மாதம். அக்கா அன்றைக்கே நூலைச் சோடா போட்டு அவிக்கத் தொடங்கினாள்.

தொப்பிக்குப் புத்தகத்தில் பாடம் கிடையாது. விரிப்பில் வந்த பிழையையே அக்கா பாடமாக்கினாள். உச்சி மூடும் வரை கண்களைக் கூட்டினாள். அதற்குப் பிறகு கூட்டுவதை நிறுத்தினாள். சுவர் தானாக இறங்கியது. அவள் பின்னுவதைப் பார்த்து நானும் பின்னினேன். ஆனி, ஆடி இரண்டு மாதமும் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தது. நூல் உருண்டையைக் கேத்தலுக்குள் போட்டு வைத்துக்கொண்டு வேலை பார்த்தோம்.

ஆவணியில் பள்ளிக்கூட விடுமுறை வந்தது. அக்கா முழங்காலைக் காட்டுவதற்காகப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். இஸ்தோப்பில் அவள் பாதி முடித்து வைத்த தொப்பி ஒன்று கிடந்தது. அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று எடுத்துத் தொடர்ந்தேன். ஊசி சரியாக விழவில்லை. நூல் வரவேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் தொங்கியது. எப்படியோ சமாளித்து இரண்டு சுற்றுப் போட்டேன். தூக்கிப் பார்த்தபோது, அவள் விட்ட இடத்தில் ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு மேலே கண்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. கீழே மறுபக்கம்.

சாயந்தரம் வந்த அக்கா, காலைக் கழுவுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டாள்.

"யாருடா இதத் தொட்டது?"

"நான்தான். எங்கயோ தப்பு இருக்கு. நீ தப்பாப் பின்றியா, நான் தப்பாப் பின்றனான்னு தெரியல."

"இங்க வந்து பக்கத்துல உக்காரு" என்றாள்.

இத்தனை மாதத்தில் முதல்தடவையாக ஒரே சுவரில், தோளோடு தோள் உட்கார்ந்தோம். இரண்டு பேரும் ஊசியை எடுத்தோம். என் ஊசி வலக்கையில் இருந்தது. அவளுடையது இடக்கையில். இவ்வளவு நாளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்ததால், ஊசி பிடித்த கைகள் கண்ணாடியில் தெரிவது போல ஒரே பக்கத்தில் தெரிந்திருக்கின்றன. இரண்டு பேருக்குமே வித்தியாசம் தோன்றவில்லை.

அக்கா இடக்கைக்காரி அல்ல. சாப்பிடுவது, எழுதுவது எல்லாம் வலக்கைதான். பிறகு ஏன் என்று கேட்டேன்.

"படத்துல இருக்கிறவ எனக்கு எதிர்ல நிக்கிறா. அவளுக்கு எந்தக் கையோ, அதத்தான் நானும் புடிச்சேன்."

இது எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. புதிதாகக் கொழுந்துக்குப் போகும் சிறுமியை, நன்றாக எடுக்கத் தெரிந்த ஒருத்திக்கு எதிர் நிரையில் நிறுத்துவார்கள். தேயிலைச் செடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவள். எதிரில் நிற்பவளின் வலக்கை நமக்கு இடப்பக்கமாகத் தெரியும். அதை மனத்துக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ளப் பழக வேண்டும். இல்லாவிட்டால் கொழுந்தைத் தவறான தோளுக்கு மேலே எறிந்து, கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள நேரிடும். அக்கா பதினான்கு வயதில் அப்படிப் பழகியவள். புத்தகத்துப் படத்தில் வெட்டப்பட்ட இரண்டு கைகள் மட்டும் இருந்தன. நான் அவற்றை என் கைகளாக எண்ணிக்கொண்டேன். அவள் எதிர் நிரைக்காரியின் கைகளாக எண்ணித் திருப்பிப் போட்டுக்கொண்டாள். வேறு யாராக இருந்தாலும் இடக்கையில் ஊசி பிடித்த முதல் நாளே இடறியிருக்கும். இரண்டு கையாலும் ஒரே வேகத்தில் கொழுந்தெடுப்பவளுக்கு அது இடறவில்லை.

முடிந்திருந்த தொப்பிகளைத் தரையில் பரப்பினோம். தெரிந்த பிறகு, தெரியாத மாதிரிப் பார்க்க முடியவில்லை. பாதி வலப்பக்கம் சுழன்றன, பாதி இடப்பக்கம். முதலாளி ஒரே கை மாதிரி வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அம்மாவுக்கு வேறு பயம். "சாமி கும்புடப் போட்டுக்கிற தொப்பி. பீச்சாங்கையில பின்னினதுன்னு தெரிஞ்சா கடக்கார ஐயா தொடுவாரா? நம்ம கோயிலுக்குப் பூமாலையப் பீச்சாங்கையால கட்டிக் குடுப்பியா நீ?"

"சொல்லாட்டித் தெரியாதும்மா" என்றேன்.

"ஏமாத்தி விக்கிறதுக்கா இம்புட்டு நாள் கெடந்தோம்?" என்றாள் அக்கா.

மறுநாளிலிருந்து அவள் வலக்கைக்கு மாற்றப் பார்த்தாள். ஒரு வாரம் போராடினாள். அவளுடைய பின்னலில் இருந்த சீரான இறுக்கம் போய்விட்டது. ஒரு தொப்பி மரக்கால் போலவும் ஒன்று கும்பா போலவும் வந்தன. முழங்காலில் வீக்கம் இறங்கியிருந்தாலும் மடக்கினால் வலித்தது. பதுளை டாக்டரும் மலை ஏறுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆகவே, அவள் மாற முடியாது, நான்தான் மாற வேண்டும் என்று தீர்மானித்து இடக்கையில் ஊசியைப் பிடித்தேன். இரண்டு நாளில் எனக்குத் தேறியது ஒரு சங்கிலியும் நிறைய முடிச்சுகளும்.

"விடுடா. ஒரு கைன்னா ஒரு கை" என்றாள் அக்கா.

அதோடு என் பின்னல் வேலை முடிந்தது. அவள் தன் தொப்பிகளை ஒரு பக்கம் அடுக்கினாள். நல்ல நூல் தீர்ந்துகொண்டிருந்தது. ஆகவே என்னுடையவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசி முனையைப் பிடித்து இழுத்தாள். சுவர் போயிற்று, உச்சி போயிற்று, கடைசியில் சிறு வளையமும் அவிழ்ந்து நூலாகியது. எல்லாவற்றையும் உருண்டையாக்கிச் சுற்றிக் கொடுக்கும் வேலை எனக்கு. பிறகு சோறாக்குவது, தண்ணீர் எடுப்பது, அவள் மேய்க்கிற பிள்ளைகளில் இரண்டு பேரைப் பார்த்துக்கொள்வது என்று ஆயிற்று. பீலிக்கரையில் அத்தை வழிவிட்டு நின்றாள்.

"வாத்தியாரம்மா வந்துட்டாங்க. தள்ளுங்கடி."

நோன்பின் கடைசி வாரத்தில் அக்காவும் என்னோடு பதுளைக்கு வந்தாள். பஸ் படியில் அவளைக் கை கொடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. கடையில் பெருநாள் கூட்டம். முதலாளி ஒரு முக்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார். தொப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்.

"ஒரே அச்சு. நல்லா ஈக்கிது தங்கச்சி."

அக்கா எழுந்து நின்றாள். "ஒண்ணு சொல்லணுங்க. இது பீச்சாங்கையால பின்னினது. புத்தகத்தப் பாத்துப் பழகும்போது கை மாறிப்போச்சு. தொழுகைக்கு ஆகாதுன்னா குடுத்துருங்க, கொண்டுபோறேன்."

முதலாளி அடுக்கைக் கீழே வைத்தார். பக்கத்தில் சீனிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"மத்தக் கை என்னா செஞ்ச?" என்று கேட்டார் முதலாளி.

"நூலப் புடிச்சுக்கிட்டு இருந்திச்சு."

"அப்ப ரெண்டு கையும்தானே. கொழுந்த ரெண்டு கையாலயும்தானே ஆயுற நீங்க? அந்தத் தேத்தண்ணியிலதானே நாங்க நோன்பு தொறந்தா குடிக்கிற?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வாத்தியார்ட கை எது இதில?" என்று கேட்டார்.

"அவரு கைய அவுத்துட்டேங்க" என்றாள் அக்கா.

சீனி கட்டியவர் உரக்கச் சிரித்தார். முதலாளி உள்ளே போய் மறுபடியும் பெட்டியைக் கொண்டுவந்தார். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இதே அளவு என்றார். வெலிமடையில் கடை வைத்திருக்கும் தன் மச்சானுக்கும் கேட்பதாகச் சொன்னார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கணக்கப்பிள்ளை பிள்ளை மடுவத்துக்கு வந்தார். அக்கா அவரை எதிர்பார்த்திருந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"என்னா, மலைக்கு எப்ப ஏறுற?"

"ஏறலைங்க ஐயா. பேர வெட்டிருங்க."

"யோசிச்சுச் சொல்லு. பெறகு வந்து அழக் கூடாது."

"அழ மாட்டேங்க."

"தொப்பி வேணாம்னு சொல்லிட்டா என்னா செய்வ?"

"ரவிக்கைக்கு ரேந்தை. அதுவும் வேணாம்னா கேத்தலுக்குச் சட்ட" என்றாள். அவருக்கு அது புரியவில்லை. பேரை வெட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் விடிவதற்கு முன் வழக்கம்போல, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடித்தது. அம்மா எழுந்து படங்குச் சாக்கை இடுப்பில் கட்டினாள். அக்காவும் எழுந்து உட்கார்ந்து, தலைமுடியைச் சுருட்டி முடிந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையை மடியில் வைத்தபடி அப்படியே இருந்தாள்.

"படுத்துக்கக்கா, இன்னும் இருட்டா இருக்கு" என்றேன்.

"தூக்கம் வராது. வெளிச்சம் வரட்டும்" என்று சொல்லி, நூல் இருந்த கேத்தலைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.